மோசேயின் பாறைக்கு அரை ஹெச்.பி. மோட்டார்

விழுப்புரம்
9.6.2025

அக்கா இளவரசிக்கு பிரவீன்குமார் எழுதுவது.

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வந்து சேர நாலு நாள் ஆகுமாம், போஸ்ட் ஆபீஸில் சொன்னார்கள். அதனால் நலம் என்றே எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அப்பா சொல்லை மீறி நீ கல்யாணம் செய்துகொண்டு திண்டிவனம் போன மறுநாள் அவர் என்னைப் பச்சையம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். எரிகிற கற்பூரத்தின் மேல் என் கையை வைத்தார். "அவகிட்ட பேச மாட்டேன்னு சொல்லு. போன் பண்ண மாட்டேன்னு சொல்லு. வாட்ஸ்அப்பு, வீடியோ, அது இன்னா எழவோ, ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லு. அவ வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லு." சொன்னேன். அப்புறம் அவர் கையை வைத்தார். "நானும் அவகிட்ட பேச மாட்டேன். என் வூட்டு வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது." சொல்லிவிட்டுக் கற்பூரத்தை அடித்து அணைத்தார். அவருக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் ஜல்தியாக எடுத்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் மடையன் மாதிரி இருந்தேன். நேற்று மோட்டார் கடையில் ஒரு பம்ப்செட்டின் வாரண்டி அட்டையைப் படித்தபோதுதான் தோன்றியது. பட்டியலில் இல்லாதது தடை இல்லை. அப்பாவின் பட்டியலில் கடிதம் இல்லை. இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நினைத்திருப்பார். நான் எழுதுவேன். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிற ஊருக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறேன், கேவலமாகத்தான் இருக்கிறது.

பதிலை விழுப்புரம் கடை முகவரிக்குப் போடு. ஊருக்கு, வீட்டுக்குப் போட்டால் நான் தொலைந்தேன்.

பிரவீன்


திண்டிவனம்
14.6.2025

என் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் உன் மாமா கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரியே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அழுதேன், வேறு ஒன்றும் இல்லை.

அப்பா சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்? கேப்பைக் களி கிளறத் தெரியுமா அவருக்கு? அம்மா போன பிறகு ஒரு நாள் கூட நான் அவரை அடுப்பு பக்கம் விட்டதில்லை. உள்ளங்கை கொப்பளித்ததற்கு மருந்து போட்டாரா? ஒன்றரை வருஷம் கழித்துக் கேட்கிறேன் பார். மோட்டார் கொட்டகைக்கு நீலத் தகரம் போட்டது நல்லதுதான், அந்தக் கீற்று ஒழுகிக்கொண்டே இருந்தது.

உன்னிடம் ஒரு வேலை. ஆகஸ்ட் முப்பதாம் தேதி எங்கள் சர்ச்சில் பங்குத் திருவிழா. கோயில் வாசலில் நாடகம் உண்டு, இந்த வருஷம் உன் மாமாதான் வாத்தியார். 'ஆண்டவர் சொல் கேளாதவர்கள்' என்று தலைப்பு. ஆதாம் ஏவாள், லோத்தின் மனைவி, யோனா, கடைசியில் மோசே. மோசே கோலால் பாறையை அடிக்க, தண்ணீர் கொட்ட வேண்டும். போன தடவை பாறைக்குப் பின்னால் ஒருவர் குடத்தோடு உட்கார்ந்து தும்மிவிட்டார். பாறை தும்மியதைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீ ஒரு பாறை செய்து தருவாயா? எனக்காக வேண்டாம், உன் மாமாவுக்காக.

வேளைக்குச் சாப்பிடு.

இளவரசி


விழுப்புரம்
25.6.2025

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் அப்பாவும், இரண்டு மாடும். களி கிளறுகிறார். கட்டி கட்டியாக இருக்கிறது. நான் சொன்னால், "தின்னா தின்னு, இல்லன்னா போ" என்கிறார்.

பாறை செய்து தருகிறேன். ஆனால் வேலைக்கு முன் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பைபிளை போனில் இறக்கிப் படித்தேன். என் கருத்தைச் சொல்கிறேன், உன் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

ஆதாம் ஏவாள் விஷயத்தில் டிசைனே தப்பு. தொடக் கூடாத மரத்தை யாராவது தோட்டத்துக்கு நடுவில் வைப்பார்களா? வேலி கூட இல்லை. லோத்தின் மனைவி, எரிகிற தன் ஊரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், உப்புத் தூணாகிவிட்டாள். ஊர் எரிந்தால் யார்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்? யோனாவை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். திண்டிவனம் போடா என்றால் திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறுகிற ஆள். மீன் விழுங்கியது சரி.

பாறை பைபரில் வரும். உள்ளே அதிர்வு சென்சார், ஒரு ரிலே, அரை ஹெச்.பி. மோட்டார், பின்னால் டிரம். கோல் பட்டதும் அதிரும், மோட்டார் ஓடும். தும்மாது. கடையில் இடம் இல்லாததால் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்துச் செய்கிறேன்.

ஒரு கேள்வி. நீலத் தகரம் போட்டது இந்தச் சித்திரையில். நான் உனக்கு எழுதவில்லை. யார் சொன்னது?

பிரவீன்


திண்டிவனம்
3.7.2025

தம்பிக்கு,

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை, மற்றபடி எல்லாம் சௌக்கியம்.

நீ எழுதியதை உன் மாமா சத்தமாகப் படித்தார். படித்துச் சிரித்தார். அப்புறம் ஃபாதர் வந்துவிடப் போகிறார் என்று கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்தார். மோசே கதையை மட்டும் நீ சரியாகப் படிக்கவில்லை. ஆண்டவர் அவரைப் பாறையை அடிக்கச் சொல்லவில்லை. பாறையைப் பார்த்துப் பேசு, தண்ணீர் தரும் என்றார். நாற்பது வருஷம் பாலைவனத்தில் அந்த ஜனங்களோடு மாரடித்த ஆத்திரத்தில் மோசே கோலால் இரண்டு தடவை அடித்துவிட்டார். தண்ணீர் வந்தது. ஆனாலும், நீ என் சொல்லை மீறினாய், வாக்களித்த கானான் நாட்டுக்குள் நுழைய மாட்டாய் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். கடைசியில் அவரை மலை உச்சிக்கு ஏற்றி, தூரத்திலிருந்து அந்த நாட்டைக் காட்டினார். பார்த்துவிட்டு மலை மேலேயே செத்துப்போனார்.

அதுதான் கடைசிக் காட்சி.

பாறைக்குச் சாம்பல் நிறம் அடி. அப்பாவுக்குக் களியில் கட்டி விழாமல் இருக்க, மாவை முதலில் தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

இளவரசி


விழுப்புரம்
21.7.2025

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, பைபர் தூள் பட்டுக் கை அரிக்கிறது, அவ்வளவுதான். களி இப்போது பரவாயில்லை. நீலத் தகரத்துக்கு நீ பதில் சொல்லவில்லை.

ஒரு சிக்கல். அப்பா பாறையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா இது, மாட்டுக் கொட்டாயில மலை மொளச்சிக்கினு இருக்குது?"

"ஆர்டருப்பா. திண்டிவனத்துல ஒரு பார்ட்டி."

"எந்த பார்ட்டி?"

"சர்ச்சு பார்ட்டி."

எனக்குப் பொய் வராது, உனக்குத் தெரியும். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். போட்டதையே எடுத்து மறுபடி போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அதுல இன்னா கதை?" என்றார்.

ஆதாம் ஏவாளைச் சொன்னேன். தோட்டத்தை விட்டுத் துரத்தினார் என்றதும் தொடையில் தட்டினார். "அது சாமி! ஒரு தபா சொன்னா கேக்கணும். கேக்கல, வெளிய போ. இதான் சட்டம்." உப்புத் தூண் கதை அதைவிடப் பிடித்துவிட்டது. மறுநாள் டீக்கடையில், சொல் பேச்சு கேட்காதவர்களை எல்லாம் மரக்காணம் உப்பளத்தில் நிற்க வைக்க வேண்டும் என்று பேசினாராம். இப்போது தினமும் மாலையில் பாறை பக்கத்தில் வந்து குந்திக்கொள்கிறார். "அடுத்தவன் இன்னா தப்பு பண்ணான்?" என்று கேட்கிறார். யாரும் தொடக் கூடாத கடவுளின் பெட்டி வண்டியிலிருந்து சரிகிறதே என்று கை கொடுத்துத் தாங்கினவன் அங்கேயே செத்தான் என்றேன். அதற்கு மட்டும் லேசாக முகம் மாறியது. "தொடாதன்னா தொடக் கூடாதுதான்" என்றார், ஆனால் குரலில் வேகம் இல்லை.

மோசே கதையை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பாறையைக் கட்டிப் பிடித்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். அவருக்கு ஏற்ற சாமி அகப்பட்டுவிட்டது. எனக்குத்தான் பேஜாரு.

பிரவீன்


திண்டிவனம்
6.8.2025

தம்பிக்கு,

உன் கை அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. இங்கே அனைவரும் நலம், உன் மாமா தவிர. அவருக்கு நாடகக் காய்ச்சல்.

பாறை பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒத்திகையில் ஒரு குறை. மோசேயாக நடிக்க வேண்டியவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டதால் உன் மாமாவே மோசே ஆகிவிட்டார். அவர் அடிக்கிற அடி உனக்குத் தெரியாது. கொசுவை அடித்தால் கொசு எழுந்து போய்விடும். கோலால் இரண்டு தட்டு தட்டினார், பாறை சும்மா இருந்தது. "ஓங்கி அடிங்க" என்றேன். "உன் தம்பி கஷ்டப்பட்டுச் செஞ்சது, ஒடஞ்சிடும்" என்கிறார்.

இன்னொரு விஷயம், சிரிக்காதே. வருஷா வருஷம் கடவுள் குரல் கொடுப்பவர் மகன் வீட்டுக்கு பெங்களூரு போய்விட்டார். மைக்கில் ஆளாளுக்குப் பேசிப் பார்த்தார்கள். யாருக்கும் எடுபடவில்லை. கடைசியில் ஃபாதரே என்னைக் காட்டி, "இந்த அம்மா தெருமுனையில கீரைக்காரங்களைக் கூப்பிட்டா கோயில் மணி அதிருது" என்றார். நம் கொல்லை நிலத்தில் மல்லாட்டைக் கடலைக்குக் காக்காய் ஓட்டிய தொண்டைதானே. ஆகவே நான்தான் கடவுள். திரைக்குப் பின்னால்.

அப்பாவிடம் மோசே கதையைச் சொல்லிவிட்டாயா? என்ன சொன்னார்?

இளவரசி


விழுப்புரம்
16.8.2025

கடவுளுக்கு, அதாவது அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீலத் தகரம் பற்றி இன்னும் பதில் இல்லை, ஞாபகம் வைத்திருக்கிறேன்.

முதலில் பாறை. பின்பக்க மூடியைத் திறந்தால் சென்சார் போர்டில் ஒரு சின்ன திருகு இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் மெல்லிய அடிக்கும் வேலை செய்யும். கால் சுற்று போதும். கால் சுற்று என்றால் கால் சுற்று.

அப்பாவிடம் மோசே கதையைச் சொன்னேன். பேசச் சொன்னார், அடித்தான், உள்ளே விடவில்லை என்று சுருக்கமாக முடித்தேன். தொடையில் தட்டுவார் என்று பார்த்தால் தட்டவில்லை.

"தண்ணி வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"நாப்பது வருசம் அந்தக் கும்பல மேய்ச்சிக்கினு வந்தவன்தான?"

"ஆமா."

"ஒரே ஒரு தபா கோவத்துல அடிச்சதுக்கா?"

"ஒரு தபா இல்லப்பா, ரெண்டு அடி."

"பெரிய கணக்குப்புள்ள!" என்று என் மேல் பாய்ந்துவிட்டார். "அத்தினி வருசம் சொன்னதெல்லாம் கேட்டான். ஒண்ணு கேக்கல. அதுக்கு வூட்டுக்குள்ளயே வுட மாட்டானாமா? மலை மேல நிக்க வச்சு காட்றானாம். இது இன்னா சாமி?" அன்றைக்குக் களியும் சாப்பிடவில்லை. மறுநாள் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "அப்புறமாவது வுட்டானா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு யூத ஆளுக்காக இவர் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நேற்று, "அந்தச் சர்ச்சு பார்ட்டி நாடகம் என்னைக்கு?" என்றார். முப்பதாம் தேதி என்றேன். "சும்மா கேட்டேன்" என்றார்.

முப்பதாம் தேதி நானும் வருவேன், பாறைக்குப் பின்னால் இருப்பேன். கோயில் வாசல் உன் வாசப்படி இல்லை. ஆனால் உன்னிடம் பேச மாட்டேன். டார்ச் அடித்தால் ரெடி என்று அர்த்தம்.

பிரவீன்


திண்டிவனம்
23.8.2025

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உடம்பு நலம், மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

கால் சுற்று திருப்பினோம், உன் மாமாவின் அடிக்கு அதுவும் போதவில்லை. அவர் முழுக்கத் திருப்பிவிட்டார். இப்போது தொட்டாலே கொட்டுகிறது. மைக் செட்டு மட்டும் திருவிழா அன்றுதான் வரும்.

அப்பா அன்றைக்கு எங்காவது போவதாக இருக்கிறாரா? சும்மா கேட்டேன்.

இளவரசி


விழுப்புரம்
2.9.2025

அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு லேசான ஜலதோஷம். காரணம் கீழே.

நீ திரைக்குப் பின்னால் இருந்தாய், பார்த்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அன்று காலையில் அப்பா, விழுப்புரத்தில் உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உரம் வாங்குகிறவர் எவரும் கட்டாத வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் நம்பினேன். யோனாவை மீன் துப்பிக்கொண்டிருந்தபோது பாறை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்க்கிறேன், முதல் வரிசையில் குந்தியிருக்கிறார். பாறையை அருகில் பார்க்க முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். அப்பா இருக்கிறார், உஷார் என்று உனக்கு டார்ச் அடித்தேன். நீ ரெடி என்று எடுத்துக்கொண்டாய்.

அந்த மைக் செட்டுக்காரன் ஆளுயர பாக்ஸ் ஒன்றைப் பாறையை ஒட்டி வைத்திருந்தான். திருகு முழுக்கத் திருப்பியிருந்தது. நீ வாயைத் திறந்து "மோசே!" என்றாய். பாறை அதிர்ந்தது. "பாறையைப் பார்த்துப் பேசு" என்று முடிப்பதற்குள் மோட்டார் ஓடிவிட்டது. உன் வீட்டுக்காரர் கோலை இன்னும் தூக்கக்கூட இல்லை. பீய்ச்சின தண்ணீர் அவர் தாடியைப் பிய்த்துக்கொண்டு போய் நேராக அப்பா மேல் விழுந்தது.

அவர் தாடி இல்லாமல் நின்றுகொண்டு, "இப்ப அடிக்கணுமா, வேணாமா?" என்று கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. நீயோ ஒன்றும் தெரியாமல் அடுத்த வசனத்தைச் சொன்னாய். "நீ என் சொல்லை மீறினாய். கானான் நாட்டுக்குள் நுழைய மாட்டாய்."

அப்போதுதான் அப்பா எழுந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உன் குரல் வந்த பாக்ஸைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இன்னா மீறினான்? நான் பாத்துக்கினுதான இருக்கறேன். அந்த ஆளு கோலையே தூக்கல. நீ பேசின, தண்ணி வந்துச்சு. அப்புறம் எதுக்கு உள்ள வுட மாட்டேன்ற?"

கூட்டம் கைதட்டியது. ஃபாதர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், சிரித்தாரா ஜெபம் செய்தாரா தெரியாது. அப்புறம் நீ கேட்டாய், வசனத்தில் இல்லாததை. "நீங்களா இருந்தா வுடுவீங்களா?"

அப்போது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவருக்கு அந்தக் குரல் யாருடையது என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துதான் இருக்க வேண்டும். நம் கொல்லையில் வளர்ந்த குரல்.

"நான் மனுசன்" என்றார். "நான் வுடலன்னா, இவன் அப்பிடித்தான்னு நாலு பேரு பேசிட்டுப் போவான். நீ சாமி. நீ வுடணும்."

பாக்ஸில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு "சரி, போ" என்றாய். உன் வீட்டுக்காரர் தாடியைப் பொறுக்கிக்கொண்டு அட்டைக் கதவைத் திறந்து கானானுக்குள் போயே போய்விட்டார். மலைக் காட்சி நடக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஃபாதர் அவரைத் திரும்ப வெளியே கொண்டுவர ரொம்பப் பாடுபட்டதாகக் கேள்வி.

அப்பா நடுங்கிக்கொண்டு நின்றார். மேடைக்குப் பின்னால் கொடியில் கிடந்த ஒரு காய்ந்த வேட்டியைக் கொடுத்தேன், கட்டிக்கொண்டு என் வண்டியில் வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"யாருதுடா வேட்டி?"

"மோசேயோடது."

ஊர் வரும்வரை வேட்டி முனை சக்கரத்தில் மாட்டாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

பிரவீன்


திண்டிவனம்
24.9.2025

தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. உட்கார்ந்தால் எழுத வரவில்லை. அப்பாவின் ஜலதோஷம் போய்விட்டதா? மிளகு ரசம் வைத்துக் கொடு.

நீ விடாமல் கேட்ட நீலத் தகரம். போன தை மாசம் உன் மாமாவிடம் சொல்லி நம் ஊர்ப் பக்கத்துப் பனமலைக் கோயிலுக்குப் போனேன். மலை மேல் ஏறி நின்றால் ஏரி தெரியும், ஏரிக்கு அந்தப் பக்கம் நம் கொல்லை. அப்போது கொட்டகைக்குக் கீற்றுதான், எது நம்முடையது என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. வைகாசியில் மறுபடி போனபோது நீலமாக, ஏறினதுமே தெரிந்தது. அப்பா வாய்க்காலில் குனிந்திருந்தார். என் தொண்டைக்குக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

இதை அப்பாவிடம் சொல்லாதே.

இளவரசி


விழுப்புரம்
13.10.2025

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். மல்லாட்டை பிடுங்க ஆரம்பித்துவிட்டோம்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் வராது என்று முன்பே எழுதியிருக்கிறேன். மலை விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் செடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும். மேல ஒருத்தி நிக்கறது கீழ இருக்கறவனுக்குத் தெரியாதா?" என்றார். அப்புறம், "கடையில சாம்பல் கலரு தகரமும்தான் இருந்துச்சு" என்றார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

மோசேயின் வேட்டியைத் துவைத்துக் கஞ்சி போட்டு மடித்து அம்மா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"நீ ஒண்ணும் எடுத்துக்கினு போவ வேணாம். வேட்டிக்காரன் வந்து வாங்கிக்கட்டும்."

"அவருக்கு நம்ம ஊரு வழி தெரியாதுப்பா."

"வழி தெரிஞ்சவங்க யாராச்சும் இட்டுக்கினு வரட்டும்."

"அவகிட்ட பேச மாட்டேன்னு கற்பூரத்துல அடிச்சியே?"

"யாரு பேசப் போறாங்க? அந்த மைக்குல பேசிச்சே சாமி, அதுகிட்ட எனக்குக் கேக்க வேண்டியது இன்னும் இருக்குது."

இன்னொன்று. போன வாரம் கொத்தனாரைக் கூட்டிவந்து நம் வீட்டு வாசப்படியை இடித்துத் தள்ளிவிட்டார். கருங்கல் படி, அப்பாவின் அப்பா போட்டது. அந்த இடத்தில் வழவழவென்று சரிவாக சிமெண்ட் போட்டிருக்கிறார். எதற்கு என்றால், "உன் வண்டிய உள்ள ஏத்தி வுடறதுக்கு" என்கிறார். நான் என் வண்டியை வீட்டுக்குள் ஏற்றியதே இல்லை. நிறுத்த உள்ளே இடமும் இல்லை.

சத்தியத்தை ஒரு வரி விடாமல் சரிபார்த்துவிட்டேன். மிதிக்கக் கூடாது என்று சொன்ன வாசப்படி இப்போது இந்த வீட்டில் இல்லை.

சிமெண்ட் காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு வா.

பிரவீன்